சீனாவுக்குப் பக்கத்தில் தென் கொரியா தாக்குப்பிடிப்பது எப்படி?

கேள்வி: டிவி திரை என்றாலே கொரியா என்றிருந்த நிலை மாறி, இன்று சீனத் திரைகள்தான் சந்தையை நிறைத்திருக்கின்றன. பக்கத்து நாடு இவ்வளவு வேகமாக வளரும்போது, தென் கொரியா தன் தொழில்நுட்பத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது? அது வெளியே போகாமல் சட்டம் போட்டுத் தடுத்தால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: சட்டம் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது. எல்சிடி திரைக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் கடனில் தத்தளித்த கொரியச் சிப்பு நிறுவனமான ஹைனிக்ஸ், ஹைடிஸ் என்ற தன் எல்சிடி பிரிவை 2003-இல் சீனாவின் பிஓஇ நிறுவனத்துக்கு விற்றது. ஆலையோடு காப்புரிமைகளும் பொறியாளர்களின் அனுபவ அறிவும் கைமாறின. அதை வைத்து பிஓஇ பெய்ஜிங்கில் பெரிய ஆலை கட்டியது. 2006-இல் ஹைடிஸ் நொடித்து நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. தொழில்நுட்பக் கசிவைத் தடுக்கும் சட்டத்தைக் கொரியா இயற்றியதும் அதே ஆண்டில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2008-இல் சீனாவின் ஹெஃபெய் நகர அரசு, பிஓஇ ஆலைக்குத் தன் பணத்தையே முதலீடாகப் போட்டது. அரசுப் பணம் இப்படிப் பின்னால் நிற்கும் போட்டியாளரோடு விலையில் மோதி ஜெயிக்க முடியாது. 2022-இல் சாம்சங் டிஸ்ப்ளே எல்சிடி உற்பத்தியையே நிறுத்திக்கொண்டு ஓஎல்இடி என்ற புதுவகைத் திரையின் பக்கம் முழுதாகத் திரும்பியது.

கொரியாவைக் காப்பது அடுத்த படியில் முன்கூட்டியே கால் வைக்கும் பழக்கம். எச்பிஎம் என்ற நினைவகச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டிராம் என்ற வழக்கமான நினைவகச் சிப்புகளைத் தலைமுடியைவிட மெல்லியதாகத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் நுண்துளைகள் இட்டு, அவற்றில் செம்பு நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். தகவல் மேலும் கீழும் நேராகப் பாய்கிறது. எஸ்கே ஹைனிக்ஸ் இதை 2013-இல் உருவாக்கியபோது வாங்குவோர் மிகச் சிலரே. செயற்கை நுண்ணறிவு அலை வந்தபோதுதான் அதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. ஹைடிஸை விற்ற அதே ஹைனிக்ஸ்தான் இது என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பொறுமைக்கு அடித்தளம் பழையது. ஏழை நாடாக இருந்த 1966-இலேயே கிஸ்ட் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971-இல் இன்றைய கைஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டார்கள். இன்று மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதம் ஆய்வுக்குப் போகிறது. இந்த விகிதத்தில் இஸ்ரேலுக்கு அடுத்த இடம் கொரியாவுக்கு. ஆனால் மொத்தத் தொகையில் சீனாவுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. அதனால் எல்லாவற்றிலும் போட்டியிடாமல், 2022-இல் சிப்பு, திரை, மின்கலம் உட்பட 12 துறைகளைத் தேசிய உத்திசார் தொழில்நுட்பங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு தெரிந்த நாடும் சறுக்கியது. 2024-இல் அரசு ஆய்வு நிதியைச் சுமார் 31 லட்சம் கோடி வோனிலிருந்து 26.5 லட்சம் கோடியாக வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 2025-இல் மீண்டும் கூட்டினார்கள். ஆனால் நிதி நின்றதால் ஆய்வுக்கூடத்தை விட்டுப் போன இளைஞரை, அடுத்த ஆண்டுப் பணம் திரும்பக் கூட்டி வராது.

ஆகவே என் முடிவு இதுதான்: பெரிய அண்டை நாட்டுக்குப் பக்கத்தில் வாழும் நாடு எதை வெட்டினாலும், ஆய்வாளர்களின் சம்பளத்திலும் ஆய்வகத்திலும் கை வைக்கக் கூடாது.