கலத்தற்பொருள் வினைகள்: செட்டிநாட்டுக் கட்டடத் தொழில்வழக்கை முன்வைத்து

கலத்தல், கரைத்தல், குழைத்தல், விரவுதல், மயங்குதல் ஆகியவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவது அகராதிகளில் காணப்படும் வழக்கம். இது பொதுப்பொருளைக் காட்டுமேயன்றி, இச்சொற்கள் தம்முள் வேறுபடும் இடத்தைக் காட்டாது. அவ்விடத்தைத் தொழில்வழக்கும் தொடரமைப்பும் புலப்படுத்துகின்றன.

கண்டரமாணிக்கம் உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளுக்கு உரிய மெருகேறிய சுண்ணாம்புப் பூச்சு இதற்கு ஏற்ற சான்றாகும். நீற்றிய சுண்ணாம்பில் மணலைக் கலப்பர். வெல்லத்தை நீரில் கரைப்பர். கடுக்காயை ஊறவைத்த நீரை விட்டுச் சாந்தைக் குழைப்பர். நிறைவுப் பூச்சில் முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பர். ஒரு பூச்சுக்கு வினைகள் பல. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் செய்முறையே பிறழும். கரைத்த சாந்து சுவரில் நில்லாது.

தொடரமைப்பும் இவ்வேறுபாட்டை உறுதிசெய்கிறது. ‘பாலும் நீரும் கலந்தன’ என்னும் தொடரில் இருபொருளும் எழுவாயாய் ஒத்து நிற்கின்றன. ‘நீரில் வெல்லம் கரைந்தது’ என்பதே வழக்கு; ‘வெல்லமும் நீரும் கரைந்தன’ என்பது வழக்கன்று. எனவே கலத்தல் இருபாற் சமநிலையையும், கரைதல் ஒன்று தன் வடிவிழந்து மற்றொன்றில் ஒடுங்குவதையும் உணர்த்துகின்றன. குழைதலுக்கு இரண்டாவது பொருளே வேண்டுவதில்லை. ‘சோறு குழைந்தது’ என்பது இதனைக் காட்டும். ஆகவே குழைத்தலின் அடிப்பொருள் சேர்க்கையன்று, நெகிழ்வித்தல் ஆகும்.

இலக்கணக் கலைச்சொற்களிலும் இப்பாகுபாடு தொடர்கிறது. இருதிணைக்கும் பொதுவான பெயர் விரவுப்பெயர் எனப்படும். அங்குத் திணைகள் அழிவதில்லை, பெயர் மட்டுமே பொதுவாகிறது. புணர்ச்சியில் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திக்கும் எல்லையிலேயே திரிபு நிகழ்கிறது. மயக்கம் என்னும் சொல்லின் பரப்பு இவற்றினும் பெரிது. மெய்ம்மயக்கத்தில் எழுத்துகள் தத்தம் ஒலியோடு அடுத்து நிற்கின்றன. வேற்றுமை மயக்கத்தில் ஒன்றன் பொருளில் மற்றொன்று வருகிறது. தொல்காப்பிய மரபியலோ ஐம்பூதங்களும் கலந்த உலகையே மயக்கம் என்கிறது.

ஆகவே இவ்வினைகளுக்குப் பொருள் வரையும்போது மூன்று வினாக்கள் இன்றியமையாதன: கூறுகள் தம் வடிவை இழக்கின்றனவா? அவை தம்முள் ஒத்த நிலையினவா? வினை நிகழ இரண்டு பொருள்கள் வேண்டுமா? இவற்றுக்கு விடை தராத அகராதிப்பதிவு, கொத்தனாரும் இலக்கண ஆசிரியரும் பேணிய வேறுபாட்டைப் பொதுப்பொருளுக்குள் மறைத்துவிடும்.