எங்கள் பணம் எங்களுக்கு

பொம்மனஹள்ளி பெங்களூரில், ஓசூர் சாலையில் உள்ளது. இங்கே ஆடை தைக்கும் ஆலைகள் உண்டு. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அடிப்படைச் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 12 ரூபாய் பி.எப். பிடிப்பார்கள். முதலாளியும் தன் பங்கைப் போடுவார். வேலையை விட்டால் அந்தப் பணம் கைக்கு வரும். பிள்ளை படிப்புக்கு உதவும். கடன் அடைக்க உதவும்.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு புதிய விதி போட்டது. முதலாளி போட்ட பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது.

பெண்கள் திகைத்தார்கள். பிரசவம், குழந்தை வளர்ப்பு, முதுகு வலி. பலர் பாதி வயதிலேயே வேலையை விட வேண்டியிருக்கிறது. 58 வயது வரை காத்திருக்க முடியுமா?

ஏப்ரல் 18. தையல் எந்திரங்கள் நின்றன. ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைக்கு வந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. அவர்களே கூடினார்கள். ஓசூர் சாலையில் வண்டிகள் நின்றன.

மறுநாளும் போராட்டம் தொடர்ந்தது. சில இடங்களில் கல்வீச்சு நடந்தது. போலீஸ் தடியடியும் நடந்தது. அன்றே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

பெண் சொல் எடுபடாது என்பார்கள். அன்று அது டெல்லி வரை எடுபட்டது.

பேசுவோம்

1. பெண்கள் ஏன் வேலையை நிறுத்தினார்கள்?
2. உங்கள் சம்பளச் சீட்டில் பி.எப். எவ்வளவு? நீங்களே படித்துப் பாருங்கள்.
3. உங்கள் சம்பளம் யார் கையில் இருக்கிறது?