நாளிதழின் கடைசி வரி

நாளிதழ் தயாராகும் விதத்தை எட்டாம் வகுப்பில் நடத்தும்போது நான் அச்சகத்துக்கு யாரையும் அழைத்துச் செல்வதில்லை. நாங்கள் வாங்கும் தாள்கள் திருச்சியில் அச்சாகின்றன. கும்பகோணத்திலிருந்து நள்ளிரவில் பிள்ளைகளைக் கூட்டிப் போவது நடக்கிற காரியமா? நான்கைந்து பழைய தாள்களே போதும்.

முதலில் மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தேடச் சொல்வேன். டெல்டாவில் பல வீடுகளில் முதலில் பார்ப்பது அதைத்தான். "சார், செல்போன்ல வேற அளவு காட்டுதே!" என்பார்கள். தாளில் இருப்பது முந்தைய நாள் அளவு. செய்தியாளர் அனுப்புவதை உதவி ஆசிரியர் சரிபார்த்து, சுருக்கி, தலைப்பிடுகிறார். பக்கம் வடிவமைக்கப்பட்டு இரவில் முடிக்கப்படுகிறது. அதற்குப் பின் நடப்பதெல்லாம் மறுநாள் தாளுக்கு. தொலைவூர்ப் பதிப்புகள் முன்னதாக அச்சேறுவதால், இரவு நீண்ட கிரிக்கெட் போட்டியின் முடிவு அவற்றில் இருக்காது.

பக்க ஓரத்தில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அலுமினியத் தகடு உண்டு. வண்ணம் விலகி நிழலடித்த படம் கிடைத்தால் எடுத்து வையுங்கள். நம் விளக்கத்தைவிட நன்றாகப் புரியவைக்கும்.

விடியுமுன் வேனில் வரும் கட்டுகளை முகவர்கள் பிரித்து, இணைப்பிதழ் செருகி, தெருவாரியாக அடுக்கி அனுப்புவதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

நான் அதிக நேரம் நிற்பது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் உள்ள வரியில். அச்சிட்டு வெளியிடுபவர், ஆசிரியர், அச்சான இடம் அதில் இருக்கும். அச்சிட்டவர் பெயரும் இடமும் போட வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. பெயர் போடுவது வெறும் சடங்கல்ல. பக்கத்துத் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார்; அதில் வந்த எழுத்துகளுக்காக 1908இல் கைதானார். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும்.

பிறகு வாட்ஸ்அப்பில் வந்த 'அணை திறப்பு' தகவல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்களை நிரப்பச் சொன்னேன். மூன்று இடமும் காலி. அப்படி வந்த ஒன்றை நம்பித் தன் அப்பா நாற்றங்கால் உழுததை ஒரு மாணவி சொன்னாள். அன்றைய வீட்டுப்பாடத்தை அங்கேயே மாற்றினேன்: வீட்டுக்கு வந்த ஒரு தகவலை எடுத்து, அதற்கு யார் பொறுப்பு என்று கண்டுபிடித்து வர வேண்டும்.