பஸ் நிறுத்தம் வரை

சங்கங்களை ஆய்வு செய்யும்போது நாம் மகாசபை வருகைப் பதிவேட்டையும் புரட்டுவதுண்டு. சில கையெழுத்துகள் ஓராண்டோடு நின்றிருக்கும். விசாரித்தால், அங்கத்தினர் வீட்டில்தான் இருக்கிறார், நடமாட்டம் குறைந்துவிட்டது என்பார்கள்.

அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கும், மாற்றுத் திறனாளிக்கும் அவருடைய துணையாளுக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. முதிய ஆண்களுக்கு இச்சலுகை கிடையாது. ஆனால் நமது கரையோரத்தில் இடர் டிக்கெட்டோடு முடிவதில்லை. தங்கச்சிமடத்து மணற்பாதையில் சக்கர நாற்காலி புதைந்துவிடும். அதைக் கடந்தால் பஸ்ஸின் உயரமான படி. கரையை விட்டு உள்ளே, எமனேசுவரத்தில், காலமெல்லாம் தறிக்குழியில் அமர்ந்து முழங்கால் தேய்ந்தவருக்கும் அந்தப் படிதான் தடை.

சங்கம் வண்டி வாங்க வேண்டுவதில்லை. ஆஸ்பத்திரிக்கென வாரத்தில் ஒரு நாள் குறித்து, ஓர் ஆட்டோவை மூவருக்குப் பேசினால் வாடகை மூன்றில் ஒரு பங்காகும். பொதுநல நிதியிலிருந்து உதவ இயலுமா என்று நிர்வாகக் குழு துணைப்பதிவாளரைக் கேட்கலாம். பெயர்ப் பட்டியலை, நின்றுபோன அக்கையெழுத்துகளிலிருந்து தொடங்குக.