ஏழரை மீட்டர் பாயை வாங்கலாமா?

கேள்வி: என் எடை 72 கிலோ. விடுமுறை நாட்களில் ஆவடியிலிருந்து கோவளம் போய் விண்ட்சர்ஃபிங் பழகுகிறேன். பலகை 160 லிட்டர். ஏழரை சதுர மீட்டர் பாய் ஒன்று, பாய்மரத்தோடு செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. பெரிய பலகைக்குப் பெரிய பாய்தானே பொருத்தம்?
- வாசகர், ஆவடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் எடையையும் அன்றைய காற்றையும்தான். பலகை அதற்குப் பிறகு. எடையை 1.4-ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தால் (நாட், அதாவது knot கணக்கில்) வகுத்தால் பாயின் அளவு தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு 15 நாட் காற்றில் ஏழுக்குச் சற்றுக் குறைவு. 20 நாட் காற்றில் ஐந்து. அப்படிப் பார்த்தால் 13, 14 நாட் காற்றுக்கு ஏழரை சரிதானே என்பீர்கள். ஆனால் அது, பலகையை நீர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓடவைக்கத் தெரிந்தவர்களுக்கான கணக்கு. பழகுகிறவருக்கு மிதமான காற்றில் நாலரை முதல் ஐந்து வரை போதும்.

விழுந்த பாயைத் தூக்கும்போது இது புரியும். பாயின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, கயிற்றைக் கொஞ்சம் இழுத்து, தண்ணீர் வழியும்வரை பொறுத்தால்தான் எழும். பாய் பெரிதாக ஆக, இந்தப் பாரமும் கூடும். நாலைந்து முறை தூக்கியதும் கை ஓய்ந்துவிடும். அப்புறம் எங்கே பழகுவது? 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் ஈபாத் அலி வெண்கலம் வென்ற ஆர்எஸ்:எக்ஸ் விண்ட்சர்ஃபிங் வகுப்பில் ஆண்களின் பாய் ஒன்பதரை சதுர மீட்டர். அதெல்லாம் பல வருடப் பயிற்சிக்குப் பிறகு.

ஆவடி மொட்டைமாடிக் காற்றை வைத்துக் கடலைக் கணிக்காதீர்கள். கடற்காற்று உங்கள் பக்கம் வந்து சேரும்போது நேரமும் ஆகியிருக்கும், வேகமும் குறைந்திருக்கும். கைபேசியில் கோவளத்தின் காற்றைப் பாருங்கள்; மணிக்கு 22 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 12 நாட். வேகத்தோடு திசையையும் பாருங்கள். ஜூன், ஜூலை காலைகளில் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அது உங்களை உள்ளே இழுத்துப் போய்விடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பிய பிறகே இறங்குங்கள், லைஃப் ஜாக்கெட்டோடு.

மலிவு என்கிறீர்களே, அதையும் யோசியுங்கள். ஏழரைப் பாய்க்குப் பெரும்பாலும் 460 சென்டிமீட்டர் பாய்மரம் வேண்டும்; ஐந்துக்கு 400 அல்லது 430. நாளைக்குச் சின்னப் பாய் வாங்கினால் இந்த மரம் உதவாது. எந்தப் பாய் வாங்கினாலும், அதற்கான மரத்தின் நீளம் பாயிலேயே அச்சிட்டிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துவிட்டு, பாயின் கண்ணாடிப் பகுதியை வெயிலில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.