படங்களின் முகவரியைத் தேடி: ஒரு கணினி வகுப்பு அனுபவம்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் மாணவர்கள் ஹெச்டிஎம்எல் கற்கிறார்கள். பக்கத்தில் படம் வைக்க ஐஎம்ஜி ஒட்டு, படத்தின் முகவரியைச் சொல்ல எஸ்ஆர்சி பண்புக்கூறு என்பது அவர்களுக்குத் தெரியும். அதையொட்டி ஒரு பயிற்சி தந்தேன்: தமிழ் விக்கிப்பீடியாவில் ஆவடி பற்றிய பக்கத்தின் மூலநிரலிலிருந்து படங்களின் முகவரிகளை மட்டும் எடுக்க வேண்டும்.

கண்ணால் தேடினால் ஒரு பாடவேளை போதாது. எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இதற்கு உதவும். இது கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950-களில் தந்த கருத்து. லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் தேடல் பெட்டியிலேயே இவ்வசதி உண்டு.

முதல் முயற்சி

கரும்பலகையில் இப்படி எழுதினேன் (இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்):

எஸ்ஆர்சி=".*"

புள்ளி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. உடுக்குறி என்றால் எத்தனை முறையும். ஒரு மாணவிக்கு முகவரியோடு பாதி வரியும் சேர்ந்து வந்தது. “எனக்குக் கம்ப்யூட்டர் வராது மிஸ்” என்று எழுந்துவிட்டாள். தவறு அவளுடையதன்று, என்னுடையது. அவளையே பலகைக்கு அழைத்து இந்த வரியை எழுதச் சொன்னேன்:

<ஐஎம்ஜி எஸ்ஆர்சி="ஏரி.ஜேபிஜி" ஏஎல்டி="பருத்திப்பட்டு ஏரி">

.* அடுத்த மேற்கோள் குறியில் நிற்காது. வரியின் கடைசி மேற்கோள் குறிவரை போகும். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறியவர், அடுத்த நிலையமான திருமுல்லைவாயிலில் இறங்காமல் ஆவடி வரை போவதைப் போல.

திருத்தம்

எஸ்ஆர்சி="[^"]*"

சதுர அடைப்புக்குள் முதலில் வரும் ^ குறிக்கு ‘தவிர’ என்று பொருள். மேற்கோள் குறி தவிர மற்றதை எடு என்கிறோம். அடுத்த குறி வந்ததும் தேடல் நின்றுவிடும். இப்போது முகவரிகள் சரியாக வந்தன. ஆனால், “சிலது படமே இல்லையே மிஸ்” என்றாள் அதே மாணவி. ஸ்கிரிப்ட் ஒட்டிலும் எஸ்ஆர்சி உண்டு! எனவே ஒட்டின் பெயரையும் சேர்த்தோம்:

<ஐஎம்ஜி[^>]*எஸ்ஆர்சி="[^"]*"

கவனிக்க

• மூலநிரலை நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். ரைட்டரில் தட்டச்சு செய்தால் மேற்கோள் குறி வளைந்துவிடலாம், தேடல் பலிக்காது.

• ஒற்றை மேற்கோள் குறியில் எழுதிய முகவரிகள் இதில் சிக்கா. சிக்கலான பக்கங்களுக்கு ஹெச்டிஎம்எல் பார்சரே ஏற்றது.

• முகவரி கிடைத்தாலே படம் நமதாகாது. விக்கிமீடியா பொதுவகத்தில் படத்துக்குரிய பக்கத்தில் உள்ள உரிமத்தையும் எடுத்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளப் பழக்குவோம்.

விடை தவறினால், “கணினியிடம் நாம் என்ன கேட்டோம்?” என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். ‘எனக்கு வராது’ என்ற சொல் இப்போது வகுப்பில் குறைந்திருக்கிறது.