நியா குகைக்குப் போகிறீர்களா?

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இருக்கிறது; மிரி நகரிலிருந்து காரில் போய்வரலாம். பூங்கா அலுவலகத்தில் சீட்டு வாங்கிப் படகில் ஆற்றைக் கடந்தால், காட்டுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் பலகைப் பாதை. மழையில் பலகை வழுக்கும். குகைப் படிகளோ வவ்வால், உழவாரக் குருவிகளின் எச்சம் படிந்தவை. பிடிமானமுள்ள ஷூ அவசியம். கைப்பிடியிலும் எச்சம் படிந்திருக்கும், பழைய கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டார்ச் ஆளுக்கொன்று வேண்டும். ஓவியக் குகைக்குப் போகும் வழியில் கும்மிருட்டு. செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

நியாவின் முக்கியக் குகையான பெருங்குகையின் மேற்கு வாயிலில் வேலியிட்ட அகழ்வுக் குழியைச் சட்டென்று தாண்டிவிடாதீர்கள். 1958இல் அகழாய்வு செய்த ஹாரிசன் தம்பதியின் குழு இங்கேதான் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழைய மனித மண்டையோட்டைக் கண்டெடுத்தது. மண்டையோடு இப்போது அங்கில்லை. வெறும் பள்ளம்தானே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். கதையை முன்பே சொல்லிவையுங்கள்.

ஓவியக் குகையின் சிவப்புச் சித்திரங்களை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அதுவும் மங்கல். பைனாகுலர் கைகொடுக்கும்.

அந்தியில் வவ்வால்கள் வெளியேற, குருவிகள் உள்ளே திரும்பும். அதற்காகக் காத்திருப்பதானால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுவையுங்கள்.